இண்டி ராக் குழுக்கள் திடீர்ப் புகழில் ஏன் தடுமாறுகின்றன?

பாட்டு காதுக்கு வரும் முன்பே பேச்சு வந்துவிட்டால் அதுதான் ஹைப். இதில் இண்டி ராக் குழுக்களுக்கு, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் வளரும் ராக் குழுக்களுக்கு, பற்றாக்குறை திறமையில் இல்லை, நேரத்தில்தான். முதல் ஆல்பத்தின் பாடல்கள் சின்ன மேடைகளில் பல வருடம் அடிபட்டுத் தேறியவை; இரண்டாவதற்குக் கிடைப்பதோ டூர்களுக்கு நடுவே சில மாதங்கள். வருடம் முழுக்கப் படித்து முதலிடம் வந்தவரை மறுவாரமே அடுத்த பரீட்சைக்கு உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

2006 ஜனவரியில் வந்த, ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. மே மாதமே பாஸ் கிடாரிஸ்ட் ஆண்டி நிக்கல்சன் அசதி காரணமாக அமெரிக்க டூருக்குப் போகவில்லை. அடுத்த மாதம் குழுவிலேயே இல்லை. டூர் தேதிகளுக்கு நடுவே ஓய்வு வாரங்களை முன்கூட்டியே பூட்டி வைப்பதும், பேட்டிகளில் பாதியை மறுப்பதும்தான் உருப்படியான தற்காப்பு.

திடீர்ப் புகழோடு பணக் குழப்பமும் வரும். லேபிள் (ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம்) தரும் அட்வான்ஸைப் பலர் சம்பாத்தியம் என்றே நினைக்கிறார்கள். அது ராயல்டியில், அதாவது விற்பனையில் குழுவுக்குச் சேரும் பங்கில், கழிக்கப்படும் முன்பணம்; கழியும்வரை ஆல்பம் விற்றாலும் அந்த ராயல்டி கைக்கு வராது.