பின் கர்ல் கேள்வி பதில்: 1940-களின் சுருள் அலைகளை வீட்டிலேயே போடுவது எப்படி?

நாடகங்களுக்குத் தலை அலங்காரம் செய்வது என் தொழில். 1940-களின் அமெரிக்க, பிரிட்டிஷ் பாணிகளைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, கர்லிங் அயர்ன் இருக்கும்போது பின் கர்ல் எதற்கு?

ஈர முடியைச் சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து, நுனியிலிருந்து வேர் வரை வட்டமாகச் சுற்றி, தலையோடு ஒட்டப் படுக்க வைத்துப் பின் குத்திக் காயவிடுவதுதான் பின் கர்ல். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அதற்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. நனைந்தால் அவை விட்டுப்போகும். காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். அயர்னின் சூடும் இதே பிணைப்புகளைத்தான் மாற்றுகிறது. ஆனால் அது சில விநாடி வேலை. பிரஷ் போட்டால் பெரும்பாலும் தொய்ந்துவிடும். மணிக்கணக்கில் காய்ந்த சுருள் பிரஷ்ஷைத் தாங்கும். பழைய படங்களில் பார்க்கும் அந்த அலை, பிரஷ் போட்ட பிறகுதான் வரும்.

ராத்திரி முழுக்கப் பின்னோடு தூங்கினேன். காலையில் அவிழ்த்தால் தொளதொள என்று விழுகிறது.

காயவில்லை, அவ்வளவுதான். என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதே கதை. தலைக்குக் குளித்தவுடன் சொட்டச் சொட்டச் சுற்றினால், அடர்த்தியான முடி விடிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். முக்கால்வாசி காயவிட்டு, ஒவ்வொரு பிரிவையும் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாக நனைத்துச் சுற்றுங்கள். பிரிவு ஒரு அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம்.

காலையில் பிடரிப் பக்கம் ஒரே ஒரு பின்னை எடுத்து, அந்த வட்டத்தைப் பிரிக்காமல் மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் பாக்கி. மறுபடி குத்திவிட்டு டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டுங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகே அவிழ்க்க வேண்டும்.

சரியாகக் காய்ந்தது, ஆனால் அவிழ்த்ததும் பொம்மைத் தலை மாதிரி இருக்கிறது. பயந்துபோய் மறுபடி குளித்துவிட்டேன்!

ஐயோ, அந்தப் பொம்மைத் தலைதான் வெற்றிக்கு அறிகுறி! விரலால் கோதி விட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்கிற வீடியோக்களை நான் ஏற்பதில்லை. முதலில் நுனிகளை வாருங்கள், பிறகு வேரிலிருந்து முழுத் தலையையும். பன்றிமுடி பிரஷ் இருந்தால் நல்லது. முதல் ஐந்து நிமிடம் புஸ்ஸென்று விரிந்து பயமுறுத்தும். நிறுத்தாதீர்கள். ஒரு கையால் பிரஷ் போட்டு, மறு உள்ளங்கையால் முடியைத் தடவிக்கொண்டே வந்தால் தனித்தனிச் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே அலையாக மடியும். அலையின் பள்ளங்களில் கிளிப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கடைசியில் முடியைப் படிய வைக்கும் பொமேட் என்ற பசை பட்டாணி அளவு போதும்.

எந்தத் திசையில் சுற்றுவது?

வளைந்து வளைந்து போகும் அலை வேண்டுமென்றால் ஒரு வரிசை கடிகாரத் திசையில், அடுத்த வரிசை எதிர்த் திசையில். வரிசைக்குள் திசை மாறக்கூடாது. சுற்றும்போது நுனி வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டால் அந்த நுனி கொக்கி போல மடங்கிக் காய்ந்துவிடும்.

சுருள் நிற்கத் தடவுகிற செட்டிங் லோஷன் இங்கே கிடைக்கவில்லை. பதிலுக்கு என்ன செய்வது?

ஆளிவிதை இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு கப். முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகும் வரை கொதிக்க வைத்து, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். ஆறினால் துணியில் இறங்கவே இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கொஞ்சமாகத் தடவுங்கள், அதிகமானால் காய்ந்ததும் வெள்ளைத் தூளாக உதிரும்.

தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் செய்யலாமா?

வேண்டாம். ஷாம்பூ போட்டு அலசுங்கள், கண்டிஷனர் நுனிக்கு மட்டும்.

எனக்கு இடுப்பு வரை முடி. வெட்ட மனமில்லை.

நீள முடியின் எடையே சுருளை இழுத்துவிடும். அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் தோள் அளவில், அடுக்கடுக்காக வெட்டியிருந்ததால்தான் அலை நின்றது. உங்களுக்கு ஒரு வழி: முகத்தைச் சுற்றியும் கீழ்ப்பாதியிலும் மட்டும் பின் கர்ல் போடுங்கள். பிரஷ் போட்டதும் பின்முடியை உள்பக்கமாக மடித்துக் கொண்டை ஊசியால் கழுத்தோரம் குத்தினால் குட்டை முடி போலத் தெரியும்.

நீள முடியைத் தூக்கிக் குத்துவதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. ஒரு கண்ணை மறைத்து விழும் அலைக்குப் பேர்போன ஹாலிவுட் நடிகை வெரோனிகா லேக், இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-இல் அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதால் அந்த முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து முடியை விரித்துவிட்ட பெண்களுக்கு ஆயுதத் தொழிற்சாலை இயந்திரங்களில் முடி சிக்கும் ஆபத்து இருந்தது.

விக்டரி ரோல் என்பதும் பின் கர்ல்தானா?

இல்லை. அது முன்முடியைச் சுருட்டி உச்சியில் குழலாக நிறுத்துவது. ஆனால் பின் கர்ல் போட்ட முடியில் ரோல் நன்றாக நிற்கும். வழுக்குகிற நேர்முடியில் குத்தினால் பாதி வழியில் சரிந்துவிடும்.

சென்னையில் இது தாக்குப்பிடிக்குமா?

காற்றின் ஈரப்பதமே முதலில் சொன்ன ஹைட்ரஜன் பிணைப்புகளை மறுபடி அவிழ்க்கும். மே மாத மாலையில், திறந்த மாடி விருந்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏசி மண்டபம் என்றால் பின்னைக்கூட எடுக்காமல் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போய், அங்கே அவிழ்த்துப் பிரஷ் போடுங்கள்.

எந்தப் பின், எத்தனை வாங்க வேண்டும்?

பேன்சி ஸ்டோரில் சைடு பின் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். சுருளுக்கு இரண்டு, பெருக்கல் குறி போலக் குறுக்கே. தோளளவு முடிக்கு நூறு பின்னாவது கையில் இருக்கட்டும். போர்க்காலத்தில் உலோகம் ஆயுதங்களுக்குப் போனதால் அந்தப் பெண்கள் பின்களை எண்ணி எண்ணிப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. நமக்கு அட்டை அட்டையாகக் கிடைக்கிறது, ஆனால் தரம் பார்த்து வாங்குங்கள். முனையிலுள்ள குமிழ் உதிர்ந்தால் தலைத்தோலைக் கீறும். கறுப்புப் பூச்சு உரிந்த பின்னை ஈர முடியில் குத்தினால் துருக்கறை படியும். அப்படிப்பட்டதைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.