சீனக் கும்பிடுபூச்சி தேன்சிட்டு அளவுப் பறவையைக்கூடப் பிடிக்குமா?

பிடிக்கும், ஆனால் அபூர்வம். சுமார் 10 செ.மீ. வளரும் இந்தப் பூச்சி 1896 வாக்கில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிலடெல்பியா பக்கம் கண்ணில் பட்டது. அங்கே சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு வரும் ஓசனிச்சிட்டுகளை (ஹம்மிங்பேர்டு எனும் குட்டிப் பறவைகளை) அது பிடித்தது பதிவாகியிருக்கிறது. மற்றபடி வெட்டுக்கிளி, தேனீ, பட்டாம்பூச்சிதான் வழக்கமான இரை.

ஆடாமல் அசையாமல் காத்திருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் முள் வரிசை கொண்ட முன்னங்கால்கள் கண் இமைக்கும் நேரத்தில் பாயும். இரு கண்களாலும் தூரத்தைக் கணக்கிடுவதால் குறி அவ்வளவாகத் தப்பாது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: மோனார்க் பட்டாம்பூச்சியின் நச்சுள்ள புழு கிடைத்தால், குடலை உருவி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னும்!

அப்புறம், ஆணைப் பெண் தின்பது உண்மைதான். ஆனால் எப்போதும் அல்ல, பசித்த பெண்தான் அதிகம் அப்படிச் செய்யும். இலையுதிர்காலத்தில் நுரை போன்ற கூட்டில் முட்டையிட்டுவிட்டு, குளிரில் தாயும் செத்துவிடும்.