தையல் தெரிந்த பெண்ணுக்கு எந்த ஆங்கிலம் வேண்டும்?

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகள் நன்றாகத் தைக்கிறாள், ஆனால் ஆங்கிலம் வராது. கணினிப் பொறியியல்தான் படிக்க வேண்டும் என்கிறார் அவள் பெரியப்பா. முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்கிறீர்கள். பயம் புரிகிறது அம்மா. ஆனாலும் இரண்டுக்கும் பணம் கட்டாதீர்கள். மனம் ஒட்டாத படிப்புக்குக் கடன் வாங்கினால், தவணை உங்கள் தலையில் விழும், பெரியப்பா தலையில் அல்ல. பொது ஆங்கில வகுப்பில் அவளுக்கு வேண்டிய ஆங்கிலம் கிடைக்காது.

ஆடைத் தொழிலில் மாதிரி ஆடை தைக்கும் சாம்பிள் பிரிவு, தர ஆய்வு, வெட்டுவதற்கான வடிவம் வரையும் பேட்டர்ன், ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசிங் என்று ஒரு தொழில்நுட்பப் பக்கம் இருக்கிறது. குடும்பங்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆடைக்கு ஆர்டர் கொடுப்பவர் அனுப்பும் டெக் பேக் என்ற விவரத் தொகுப்பில் படம், அளவுப் பட்டியல், துணி, நூல், பட்டன் விவரம், எந்த இடத்தில் எந்தத் தையல் என எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்து மெஷினில் உட்கார்ந்து தைத்தும் காட்டத் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு. உங்கள் மகளிடம் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

மீதிப் பாதியை ஒரு பழைய முழுக்கைச் சட்டையிலிருந்து தொடங்கலாம். மேசையில் விரித்து மேலிருந்து கீழாகப் பெயர் சொல்லட்டும்: காலர், அதைத் தாங்கும் பட்டிக்கு காலர் ஸ்டாண்ட், தோள்பட்டைத் துண்டுக்கு யோக், கை இணையும் வளைவுக்கு ஆர்ம்ஹோல், பட்டன் பட்டிக்கு பிளாக்கெட், கை நுனிப் பட்டிக்கு கஃப், பக்கத் தையலுக்கு சைடு சீம், கீழ் மடிப்புக்கு ஹெம். பிறகு தையலைப் பிரிக்கட்டும். உள்ளே மறைந்திருந்த சீம் அலவன்ஸும், அதாவது தையலுக்காக விட்ட ஓரத் துணியும், காலருக்குள் ஒட்டிய இன்டர்லைனிங் என்ற விறைப்புத் துணியும் அப்போதுதான் கண்ணில் படும். தொட்டுப் பார்த்துப் படித்த பெயர் மறக்காது.

அடுத்தது அளவு. பலர் இடறுவது இங்கேதான். பட்டியலில் ‘ஹாஃப் செஸ்ட் 20 இன்ச்’ என்றிருந்தால் சட்டையைத் தட்டையாக விரித்து அளந்த அகலம் அது, சுற்றளவு 40. ‘ஹாஃப்’ கண்ணில் படாமல் போனால் முழு சாம்பிளும் வீண். அதே வரியில் டாலரன்ஸ், அதாவது ஏற்கும் வித்தியாசம், ½ என்றால் 19½ முதல் 20½ வரை ஏற்பார்கள். ‘த்ரீ எய்த்ஸ்’ என்று கேட்டதும் டேப்பில் ⅜ இன்ச்சை, அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டரை, விரல் தொட வேண்டும்.

தையல் வகைகளுக்கு ஐஎஸ்ஓ 4915 என்ற சர்வதேசத் தரத்தில் எண்கள் உண்டு. சாதாரண மெஷின் போடும் லாக் ஸ்டிட்ச் 301, செயின் ஸ்டிட்ச் 401, மூன்று நூல் ஓவர்லாக் 504. 10 எஸ்பிஐ என்றால் ஒரு இன்ச்சுக்குப் பத்துத் தையல், ஒவ்வொன்றும் சுமார் 2.5 மில்லிமீட்டர்.

குறைகளின் பெயர்களைக் காரணத்தோடு படிக்க வேண்டும். இடையில் தையல் விழாமல் போகும் ஸ்கிப்டு ஸ்டிட்ச் வந்தால் ஊசி வளைந்திருக்கலாம், துணிக்குப் பொருந்தாத ஊசியாக இருக்கலாம், ஹூக் டைமிங், அதாவது மெஷினின் ஹூக் நூலைப் பிடிக்கும் நேரம், தவறியிருக்கலாம். பக்கரிங் என்ற சுருக்கத்துக்கு நூல் இழுவிசை கூடியதோ தையல் நெருக்கமோ காரணமாகலாம். ‘லெஃப்ட் சைடு சீம் பக்கரிங், ரெட்யூஸ் த்ரெட் டென்ஷன்’ (இடப்பக்கத் தையலில் சுருக்கம், நூல் இழுவிசையைக் குறை) என்று எழுதினால் போதும். இலக்கணம் பிறகு வரட்டும். ஒரு எச்சரிக்கை: ‘பேன்ட்ஸ்’ அமெரிக்கருக்குக் கால்சட்டை, பிரிட்டிஷாருக்கு உள்ளாடை. ஆர்டர் எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும்.

பயிற்சி நிலையம் தேடும்போது கட்டடத்தையும் ஃபேஷன் ஷோ படங்களையும் பார்த்து மயங்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷினில் உட்காரலாம், உண்மையான டெக் பேக் வைத்துக் கற்பிக்கிறார்களா, பயிற்சித் துணிக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தராத இடத்தில் முழுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டவே கூடாது. கூட மகளையும் அழைத்துப் போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும், சேருவதா வேண்டாமா என்பதையும் அவளே சொல்லட்டும்.