பாட்டிகளின் பெஞ்சு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜிம்பாப்வேயில் பாட்டிகள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசியே தேற்றிவிடுகிறார்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்து பூங்காவில் அப்படி ஒரு பெஞ்சு போடலாம் என்றிருக்கிறோம். அன்பாகக் காதுகொடுத்துக் கேட்டால் போதும்தானே? இன்னொரு கேள்வி. மனநல மருத்துவத்துக்கு ஆப்பிரிக்கா தந்தது இது ஒன்றுதானா, முன்பும் ஏதாவது உண்டா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

போதாது. காணொளியில் பாட்டியும் மரமும் தெரியும். அந்தத் திட்டம் எதனால் பலிக்கிறதோ அது கேமராவில் விழாது.

அதன் பெயர் ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச். தொடங்கியவர் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவரான டிக்சன் சிபாண்டா. 2005இல் ‘முராம்பத்ஸ்வினா’ என்ற பெயரில் ஜிம்பாப்வே அரசு நகர்ப்புறக் குடிசைகளையும் சந்தைக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்பது ஐ.நா. கணக்கு. அப்போது நாட்டில் இருந்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் சிபாண்டா வேலையைத் தொடங்கியபோது மருத்துவமனைக்குள் அவருக்கு அறை ஒதுக்கவில்லை, செவிலியரும் தரவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிகள். அவர்கள் தெருவில் பிடித்து வந்தவர்கள் அல்ல. ‘அம்புயா உதானோ’ என்று மக்கள் அழைக்கும் சுகாதாரப் பணியாளர்கள். நகராட்சிக்காக ஏற்கெனவே வீடுவீடாகப் போய் வந்தவர்கள். பதிவேடு எழுதவும், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கவும் பழகியவர்கள். இதைச் சொல்லாமல் ‘பாட்டி வைத்தியம்’ என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

பெஞ்சில் நடப்பது அரட்டை அல்ல, சிகிச்சை. முதலில் 14 கேள்விகள் கொண்ட கேள்வித்தாள், அந்த ஊர் மக்கள் பேசும் ஷோனா மொழியில். 1990களில் ஹராரேயில் வேலை பார்த்த விக்ரம் படேல் என்ற இந்திய மருத்துவர் அங்கிருந்தவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. கடந்த ஒரு வாரத்தில் யோசனை மிதமிஞ்சிப் போனதா, தூக்கம் கெட்டதா, அற்ப விஷயத்துக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, வயிறு வலித்ததா, வேலை தேங்கியதா என்று போகும். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். இந்தத் திட்டத்தைச் சோதித்த பெரிய ஆய்வில் (அதைப் பிறகு சொல்கிறேன்) ஒன்பதும் அதற்கு மேலும் ‘ஆம்’ சொன்னவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலில் இரண்டு கேள்விகள் வேறு ரகம்: மற்றவர் காணாததைக் கண்டாயா, கேளாததைக் கேட்டாயா என்பது ஒன்று, செத்துவிடலாம் என்று தோன்றியதா என்பது மற்றொன்று. இவற்றுக்கு ‘ஆம்’ வந்தால் பாட்டி தனியாகக் கையாள்வதில்லை. மேற்பார்வையாளருக்கும் அங்கிருந்து மருத்துவருக்கும் விஷயம் போகும்.

அடுத்து ஆறு அமர்வுகள், வாரம் ஒன்று என்ற கணக்கில். முதல் அமர்வு ஒரு மணி நேரம்வரை ஓடும், பிறகு வருபவை குறைவு. முதல் படிக்கு ‘மனதைத் திறத்தல்’ என்று பெயர். வந்தவர் தன் கஷ்டங்களையெல்லாம் கொட்டுகிறார், பாட்டி அவற்றைப் பட்டியலாக்குகிறார். வாடகை பாக்கி, கணவனின் குடி, எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போகாதது, மாமியார். இதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, வந்தவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு என்னென்ன வழி என்று அவரே சொல்ல வேண்டும். அதில் ஒரு வழியை எடுத்து, எந்தக் கிழமை, எங்கே, யாரோடு போய், என்ன செய்வது என்பதுவரை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அடுத்த வாரம் முதல் கேள்வி, அதைச் செய்தாயா? செய்யவில்லை என்றால் திட்டுவதில்லை. எங்கே தடுத்தது என்று பார்த்து வழியை மாற்றுகிறார்கள். வராதவருக்குத் தொலைபேசி போகும், தேவைப்பட்டால் வீட்டுக்கே போவார்கள். சில அமர்வுகளுக்குப் பின் ‘குபதானா தோஸே’ என்ற குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கை நாடாவாக்கிப் பை பின்னிக்கொண்டே பேச்சு நடக்கும். கொஞ்சம் காசும் கிடைக்கும்.

2016இல் வெளியான அந்தப் பெரிய ஆய்வில் ஹராரேயின் 24 மருத்துவமனைகளில் 573 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த மருத்துவமனைகளில் யாரையும் சும்மா விட்டுவிடவில்லை. செவிலியரின் ஆலோசனை, தேவைப்பட்டால் மாத்திரை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் இருந்தன. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு நீடித்தவர்கள் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட பாதிப் பேர். பெஞ்சுப் பக்கம் நூற்றுக்கு 14 பேர். அசத்தலான வித்தியாசம்தான். ஆனால் ஆய்வுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் பெண்கள், ஆண்கள் பெஞ்சுப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. தற்கொலை செய்துகொள்ளும் முடிவில் இருந்தவர்களையும் மனச்சிதைவு அறிகுறி உள்ளவர்களையும் ஆய்வில் சேர்க்கவே இல்லை. எல்லா மனநோய்க்கும் பெஞ்சே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கே பிசகும்? முதலாவது, அறிவுரை. பெரியவர்களுக்கு வாய் சும்மா இருக்காது, அதிலும் நீங்கள் ஆசிரியர்கள். “நான் சொல்றதைக் கேளும்மா” என்ற நொடியில் சிகிச்சை நின்றுவிடுகிறது. வழி உங்களுடையதாகிவிட்டால், அது தோற்றதும் வந்தவர் திரும்பி வரமாட்டார். இரண்டாவது, ஒரு வாரத்துக்குள் அசைக்க முடியாத பிரச்சினையைப் பிடித்துக்கொள்வது. ‘கணவன் குடிக்கிறான்’ என்பதில் ஒரு வாரத்தில் எதுவும் நகராது. ‘சம்பள நாளில் மளிகைப் பணத்தைத் தனியே வாங்கி வைப்பது’ நகரும். மூன்றாவது, மேற்பார்வை இல்லாமை. வாரக்கணக்கில் பிறர் துயரத்தைக் கேட்பவர்களுக்கு அதை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும், செய்வது சரியா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். இடம் மாறும்போதும் கவனம் தேவை. பெஞ்சு மலாவிக்கும் சான்சிபாருக்கும் நியூயார்க்குக்கும் போனது. நியூயார்க்கில் உட்கார்ந்தவர்கள் பாட்டிகள் அல்ல, போதைப் பழக்கத்திலிருந்தோ மனநோயிலிருந்தோ மீண்டவர்கள். அந்த ஊரில் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று பார்த்து ஆளை மாற்றினார்கள்.

முன்பும் உண்டா என்ற கேள்விக்குத் தாமஸ் அடியோயே லாம்போ என்ற ஒரே பெயரே போதும். நைஜீரியர், இங்கிலாந்தில் மனநல மருத்துவம் படித்தவர். 1954இல் அபியோகூட்டா அருகே ஆரோ மருத்துவமனைக்கு வந்தபோது கட்டடம் முழுதாக எழும்பியிருக்கவில்லை. சுற்றியுள்ள நான்கு கிராமங்களில் நோயாளிகளை வாடகைக்குத் தங்கவைத்தார். ஒரு நிபந்தனை: உறவினர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். காலையில் மருத்துவமனையில் மாத்திரையும் மின்னதிர்ச்சி சிகிச்சையும், பிறகு கிராமத்துக்குத் திரும்பி வயல்வேலை. பாரம்பரிய வைத்தியர்களையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். கிராமத்துக்காரர்கள் இரக்கப்பட்டு மட்டும் இடம் கொடுக்கவில்லை. வாடகை வந்தது, வீட்டை விரிவாக்க மருத்துவமனை கடன் கொடுத்தது. இங்கும் பலர் ‘கிராமத்தின் அரவணைப்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடந்துபோகும் தொலைவில் மருத்துவமனை இருந்ததை விட்டுவிடுகிறார்கள். லாம்போ 1973இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநரானார், 1988வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மனநோயாளியைப் பூட்டிவைக்காமல் ஊருக்குள்ளேயே வைத்துப் பார்க்க முடியும் என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்டபோது, அதைச் செய்துகாட்டிய ஆள் அந்த நாற்காலியில் இருந்தார்.

உங்கள் பெஞ்சுக்கு வருகிறேன். பூங்கா வேண்டாம். அங்கே உட்கார்ந்தாலே ‘அவளுக்கு என்னவோ’ என்று ஊர் பேசும். ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்தில் கேட்டுப் பாருங்கள். வருபவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்ததாக ஊர் நினைக்கட்டும். ஆள் தெரியலாம், பேச்சு கேட்கக் கூடாது, அந்தத் தூரத்தில் இடம் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் முதலில் பேசி, அவசரம் என்றால் யாரை அழைப்பது, எந்த நேரத்தில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 எல்லார் கையிலும் இருக்கட்டும். பத்துப் பேரும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மூன்று பேர் பயிற்சி எடுத்து, ஒருவர் வந்தவராக நடித்து, மற்றவர் அறிவுரை சொல்லாமல் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறாரா என்று பாருங்கள். ஷோனா கேள்வித்தாளை நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலேயே இருக்கிறது, அந்த மருத்துவரிடம் கேட்டால் தருவார்.