மாப்பிள்ளைப் பஞ்சமா, சல்லடைக் கோளாறா?

கேள்வி: எனக்கு 31 வயது. கொழும்பில் வங்கி வேலை. வெள்ளவத்தையில் பெற்றோருடன் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கல்யாணப் பேச்சுக்கால் நடக்கிறது. சாதகக் குறிப்புப் பொருந்தினால் பையனுடன் இரண்டு வார்த்தை பேச முடிவதில்லை. படித்தவர் என்றால் சீதனமாக ஃபிளாட் கேட்கிறார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் விசாவுக்காக உடனே எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, முடிக்கச் சொல்கிறார்கள். நல்ல கணவராக இருக்கக்கூடிய ஆண்களே இல்லையா? நான்தான் இறங்கிப் போக வேண்டுமா?

பதில்: தட்டுப்பாடு உங்கள் கற்பனை அல்ல. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 94 ஆண்கள்தான். தமிழரிடையே போர் கொண்டுபோன உயிர்களும், 1983க்குப் பின் கனடா, லண்டன் என்று போன இளைஞர்களும் வேறு. 2022 பொருளாதார நெருக்கடியின்போது 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள்.

ஆனாலும் உங்கள் வீட்டுச் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, சல்லடையில் இருக்கிறது. செவ்வாய், ஊர், சாதி, உயரம், தொழில், வீடு என்று தரகர் சலிக்கிற எதுவுமே, கோபம் வந்தால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று சொல்லாது. பொருத்தம் பார்க்க மூன்று சாத்திரிமாரிடம் அலைகிற குடும்பம், பையனோடு பெண் பேசுவதற்குக் கோவில் வீதியில் அரை மணி நேரம் ஒதுக்குகிறது. அதுவும் மாமிமார் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க!

இறங்க வேண்டுமா என்றால், படிப்பிலும் சம்பளத்திலும் தாராளமாக இறங்குங்கள். பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மையாகிவிட்ட நாட்டில், தன்னைவிடக் கூடப் படித்தவர்தான் வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் நின்றால் கணக்கு எப்படிச் சரிவரும்? நடத்தையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நடத்தையை அறியக் கேள்விகள் சாதாரணமாக இருக்கட்டும். தங்கைமாரின் சீதனப் பொறுப்பு யாருடையது, கடன் எவ்வளவு, மாதம் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். அவர் முழுசாகச் சொல்லத் தயங்கலாம், அது பரவாயில்லை. 'பெண்கள் இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்' என்று எரிந்து விழுந்தால் அதுவே விடை. கடைசியாக அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டில் யார் சமைத்தது என்றும் கேளுங்கள். ஒரு சந்திப்பையாவது உங்கள் அலுவலக வேலைக்காகத் தள்ளிவைத்துப் பாருங்கள். 'பரவாயில்லை, எப்போது வசதி?' என்பவரும் இரண்டு நாள் தொலைபேசியை எடுக்காமல் முறுக்கிக்கொள்பவரும் ஒன்றல்ல. இதற்கெல்லாம் மூன்று நான்கு மாதமாவது பழக்கம் வேண்டும்.

அதனால்தான் விசாவுக்கான அவசர எழுத்தை நான் ஏற்பதில்லை. தாலி பிறகு கட்டினாலும், பதிவேட்டில் ஒப்பமிட்ட அன்றே நீங்கள் சட்டப்படி மனைவி. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்லி இலங்கையில் விவாகரத்துப் பெற முடியாது. பிறருடன் தகாத உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்வது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகிய மூன்றில் ஒன்றை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

ஃபிளாட் விஷயத்திலும் கவனம் தேவை. மாப்பிள்ளை தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட யாழ்ப்பாணத்தவர் என்றால், உங்கள் பெயரிலேயே இருக்கும் வீட்டைக்கூட அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நீங்கள் விற்க முடியாது. அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

அம்மாவுடன் சண்டை வேண்டாம். குறிப்பை அவர் பார்க்கட்டும். தரகருக்குக் கொடுக்கும் விவரத்தாளை மட்டும் நீங்களே எழுதுங்கள். சீதனப் பேச்சு இல்லை, திருமணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், நான்கு மாதம் பழகிய பிறகே முடிவு என்ற மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். வரன்கள் பாதியாகக் குறையும், தரகர் முணுமுணுப்பார். குறையட்டும்.