உயர்தர டின் விசில் வாங்கும்போது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

டின் விசில் என்ற ஆறு துளைச் சிறு ஐரிஷ் குழலில், டி சுருதியில் அமைந்த மலிவு விலை டி விசிலில், ரீல், ஜிக் என்னும் ஐரிஷ் நடன மெட்டுகள் ஓரளவு கைவந்துவிட்டன, இனி நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் பர்க், கோல்டி, ஏபெல் என்று ஆளுக்கொரு விசில் செய்பவரின் பெயர் சொல்கிறார்கள், இவற்றில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நானும் போய்விடலாம். அது எனக்குப் பொருந்திய விசிலாக இருக்கும், அவ்வளவுதான். விலை கூடினால் ஒலி அழகாகிவிடும் என்று நம்பித்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். உண்மையில் புது விசிலை வாயில் வைத்ததும் முதலில் தெரியும் வேறுபாடு, அது உங்கள் மூச்சை எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது. அந்தக் காற்றுத் தடை உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகவே உதிர்ந்துவிடும்.

புல்லாங்குழலில் உதட்டைக் குவித்தும் சாய்த்தும் சுருதியையும் நாதத்தையும் சரிசெய்துகொள்ளலாம். விசிலில் உதட்டுக்கு அந்த வேலை இல்லை. காற்றுப் பாதையின் உயரம், அகலம், காற்று மோதும் விளிம்பின் கோணம் எல்லாவற்றையும் செய்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். உங்கள் கையில் மிஞ்சுவது மூச்சின் அழுத்தம் மட்டும். மெதுவாக ஊதினால் கீழ் ஸ்தாயி, அதே விரல் வைப்பில் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி. தடை குறைந்த விசில் லேசான மூச்சுக்கே பேசும். ஆனால் காற்றை நிறையக் குடிக்கும், கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் கீழ் ஸ்வரம் மேலே தாவிவிடும். தடை மிகுந்த விசிலில் கீழ் ஸ்வரத்தை நன்றாக அழுத்தி வாசிக்கலாம், மூச்சும் நீண்ட நேரம் தாங்கும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதுதான் வயிற்றிலிருந்து உந்த வேண்டியிருக்கும்.

இதை நன்றாக உணர்ந்தவர் ஜெர்மனியில் இருக்கும் காலின் கோல்டி. அவருடைய விசில்களை மென்மையாக ஊதுவோருக்கு, நடுத்தரமாக ஊதுவோருக்கு, வலுவாக ஊதுவோருக்கு என மூன்று வகையில் கேட்டு வாங்கலாம். கோல்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தக் கோல்டி என்பதைத்தான். ஜெனரேஷன் போன்ற மலிவு நிறுவன விசிலில் மென்மையாக ஊதிப் பழகியவர் நேராக வலுவான வகைக்குப் போனால் முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். சிலருக்குப் பிறகு அதை விட்டு வேறு எதுவும் பிடிக்காமல் போவதும் உண்டு. அமெரிக்காவின் மைக்கேல் பர்க் இதே கேள்வியை உள்விட்டத்தின் பக்கமிருந்து அணுகினார். அவருடைய டி விசில் குறுகிய துளை, அகன்ற துளை என்று இரு வடிவில் வந்தது. குறுகியதில் மேல் ஸ்தாயி இனிமையாக, சிரமமில்லாமல் வரும். அகன்றதில் கீழ் ஸ்வரங்கள் கனமாக ஒலிக்கும், பலர் கூடி வாசிக்கும் இடத்தில் உங்கள் குரல் அமுங்காது.

ஆகவே அடுத்து நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பது. டி விசிலின் அடி ஸ்வரம் ஏறக்குறைய 587 ஹெர்ட்ஸ். வழக்கமாக வாசிக்கும் மேல் பி 1,976 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகவும் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியின் வாசலுக்கே அது வந்துவிடுகிறது. சிறிய அறையில் தனியாகப் பயிலும் ஒருவர் பிடிலும் அக்கார்டியனும் முழங்கும் கூட்டத்துக்காகச் செய்த விசிலை வாங்கினால் முதலில் வருந்துவது வீட்டில் இருப்பவர்கள். உரத்த விசில்தான் உயர்ந்த விசில் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இப்போது உலோகமா மரமா என்ற விவாதம். பித்தளை வெதுவெதுப்பானது, அலுமினியம் தூய்மையானது, கருமரம் ஆழமானது என்றெல்லாம் எழுதுவார்கள். 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் மெல்லிய வெள்ளி, கனத்த செம்பு, மரம் ஆகியவற்றில் ஒரே உள்ளளவு கொண்ட புல்லாங்குழல்களைச் செய்து, எது எதுவென்று தெரியாதபடி வாசித்துக் காட்டினார். தேர்ந்த இசைக் கலைஞர்களாலும் ஒலியை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. ஒலியை உண்டாக்குவது உள்ளே அதிரும் காற்று. குழலின் சுவர் அதற்கு எல்லை வகுக்கிறது, அவ்வளவுதான். மர விசில் வேறு மாதிரி ஒலிப்பது உண்மை. வட கரோலினாவின் கிறிஸ் ஏபெல் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யும் விசில் சரசரப்பே இல்லாமல், உருண்டு திரண்ட நாதம் தரும். அதற்குக் காரணம் அவர் செதுக்கும் காற்றுப் பாதையும் விளிம்பும்தான் என்பது என் கருத்து. மரம் வேறு வகையில் முக்கியம்: அதற்கு எண்ணெய் பூச வேண்டும், புதிதாக இருக்கும்போது சிறிது சிறிதாக வாசித்துப் பழக்க வேண்டும், வறண்ட காற்றில் வெடிப்பு விடக்கூடும். இந்தப் பராமரிப்பு உங்கள் இயல்புக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் பூச்சையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரசரப்பு என்றேனே, அதைப் பற்றி ஒரு சொல். 1843இல் ராபர்ட் கிளார்க் தகரத் தகட்டைச் சுருட்டி, மரக்கட்டை அடைத்துச் செய்யத் தொடங்கிய விசிலில் ஒலியோடு காற்றின் சீறலும் கலந்து வரும். அந்தச் சீறலில்தான் விசிலின் உயிர் இருக்கிறது என்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த விசில்களில் பல இதைத் துடைத்துவிடுகின்றன. பழைய ஐரிஷ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அந்த ஒலிக்காகவே இந்தக் கருவிக்கு வந்தவர் நீங்கள் என்றால், மிகவும் மெருகேறிய ஒன்றை வாங்கியபின் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். அயர்லாந்தின் பெரிய கலைஞர்கள் பலர் மலிவு விசிலில்தான் வாசித்தார்கள். குவியலில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்கள். பத்து, இருபது மடங்கு பணம் கொடுத்து நீங்கள் வாங்குவது, அப்படிப் பொறுக்க வேண்டிய அவசியம் இல்லாத நம்பகத்தன்மையை.

சுருதி விஷயத்தில் அந்தப் பணம் வீண்போகாது. உயர்தர விசிலின் தலைப்பகுதி பெரும்பாலும் நகரும். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் (பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்) ஏறும். ஆகவே குளிர்ந்த அறையிலும் வெக்கையான மேடையிலும் ஒரே விசில் இரண்டு விதமாகப் பேசும், நகரும் தலை இல்லாவிட்டால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எப் ஷார்ப்பை மட்டும் கவனித்துக் கேளுங்கள். இயற்கைச் சுருதியில் அது பியானோவின் எப் ஷார்ப்பைவிட 14 சென்ட் தாழ்ந்திருக்கும். ஆதார சுருதி விடாமல் ஒலிக்கும் இலியன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழலோடு வாசிக்கத் தாழ்ந்தது சுகம். அக்கார்டியனோடு என்றால் அது உறுத்தும். செய்பவர்கள் இதில் ஆளுக்கொரு முடிவு எடுத்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் வேகமான ரீலை வாசித்துப் பார்க்காதீர்கள். வேகம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். அடி டியை மெல்லத் தொடங்கி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் மேலே தாவுகிறது என்று பாருங்கள். மேல் ஏ, பி இரண்டையும் எவ்வளவு மெதுவாக வாசிக்க முடிகிறது? மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் வரும் சி, சுருதியில் நிற்கிறதா? பிறகு கால் மணி நேரமாவது தொடர்ந்து ஊதுங்கள். காற்றுப் பாதையில் ஈரம் சேர்ந்து ஒலி அடைக்கத் தொடங்கும் விசில்கள் அப்போதுதான் தங்களைக் காட்டிக்கொடுக்கும். உலோகத் தலை குளிர்ந்திருந்தால் இது அதிகம், வாசிக்குமுன் கையில் பொத்திச் சூடேற்றுவது நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டுக் கலந்து காற்றுப் பாதையில் விட்டு உலரவைத்தால் நீர்த்துளி திரளாமல் பரவி ஓடிவிடும்.

ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் லோ டி விசில் வாங்கலாமா என்ற யோசனையும் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருந்தது. அது வேறு கருவி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், விரல் நுனியால் மூட முடியாமல் பைக்குழல் வாசிப்பவர்களைப் போல விரலின் நடுப்பகுதியால் மூட வேண்டும். 1971இல் இங்கிலாந்தின் விசில் செய்பவரான பெர்னார்ட் ஓவர்டன் இன்றைய லோ விசிலை உருவாக்கியது, ஐரிஷ் இசைக் கலைஞர் பின்பர் ப்யூரி வைத்திருந்து சிதைந்துபோன ஓர் இந்திய மூங்கில் குழலுக்கு ஈடாக அலுமினியத்தில் ஒன்று செய்யும் முயற்சியில்தான் என்பது நமக்குச் சற்று மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் உங்கள் முதல் உயர்தர விசில் அதுவாக இருக்க வேண்டாம்.

தொட்டுப் பார்க்கவே வழியில்லை, ஒரு பெயர் சொல்லியே தீர வேண்டும் என்றால்: வீட்டில் தனியாக வாசிப்பவர் என்ற அளவில், குறுகிய துளை கொண்ட பித்தளை பர்க். அதுவும் பயன்படுத்திய விசிலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. இத்தகைய விசில்கள் மறுவிற்பனையில் பெரிதாக விலை இறங்குவதில்லை, ஒத்துவராவிட்டால் அதிக நஷ்டமில்லாமல் கைமாற்றி நடுத்தர வகைக் கோல்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.