வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் தொழிலாளர்களின் உற்பத்தித்திறன் குறையாதா?

“குறையாதா” என்று கேட்டிருப்பதைப் பார்த்தால், நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்குபவர் என்று நினைக்கிறேன். உதவித்தொகை இருந்தால் அடுத்த வேலைக்குப் போவது தள்ளிப்போகும். அதை நான் மறுக்கவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் தள்ளிப்போவதும் உற்பத்தித்திறன் குறைவதும் ஒன்றல்ல.

லேத் மெஷினில் தேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறை மூடிவிட்டது, கையில் இரண்டு வாரச் செலவுக்குத்தான் காசு. மூன்றாவது வாரம் மூட்டை தூக்கப் போய்விடுவார். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை அங்கே எதற்கு? அடுத்த மாதம் வேறொரு பட்டறையில் லேத் வேலை காலியாகும்போது, அரைகுறையாகத் தெரிந்தவர் வந்து நிற்பார். அளவு தப்பிய உருப்படிகள் ஸ்கிராப்புக்குப் போகும். நஷ்டம் இரண்டு இடத்திலும்.

இதைத்தான் பொருளியலாளர்கள் டேரன் அசெமோக்லுவும் ராபர்ட் ஷைமரும் 1999-இல் கோட்பாடாக நிறுவினார்கள்: உதவித்தொகை இருந்தால் தொழிலாளி, கிடைப்பது கடினமான ஆனால் நல்ல வேலைக்குத் துணிந்து முயல்வார், முதலாளியும் அதற்கேற்ற இயந்திரங்களில் முதலீடு செய்வார். சோம்பல்தானே காரணம் என்பவர்களுக்கு பொருளியலாளர் ராஜ் செட்டியின் 2008 ஆய்வு பதில். அமெரிக்காவில் உதவித்தொகையால் வேலையில்லாக் காலம் நீள்வதில் சுமார் 60 சதவீதத்துக்குக் காரணம், அவசரப்பட்டுக் கிடைத்ததில் விழாமல் இருக்கக் கையில் காசு இருப்பதுதான் என்று அவர் கணக்கிட்டார்.

எவ்வளவு காலம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஆஸ்திரியாவில் 40 வயதைத் தொட்டவர்களுக்கு 30 வாரம் 39 வாரமாகிறது. அவர்களுக்கு அடுத்த வேலையில் கூலி அரை சதவீதம் கூடியது. ஜெர்மனியில் 42 வயதில் 12 மாதம் 18 மாதமானபோது விளைவு தலைகீழ்: வேலையின்றி இருக்கும் ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் கூலி சுமார் 0.8 சதவீதம் இறங்கியது. தேட அவகாசம் கிடைப்பது லாபம், கைத்திறன் துருப்பிடிப்பது நஷ்டம். எது முந்துகிறதோ அதுதான் முடிவு. கூலியை உற்பத்தித்திறனுக்கு அளவுகோலாக வைத்துப் பேசுகிறேன். அது முழு அளவுகோல் இல்லை என்பதும் தெரியும்.

வேலை போகும் பயம் இல்லாவிட்டால் வேலையில் ஏய்ப்பார்கள் என்று ஷாப்பிரோ, ஸ்டிக்லிட்ஸ் என்ற பொருளியலாளர்கள் வைத்த வாதம் (1984) உங்கள் மனதில் இருக்கலாம். பெரும்பாலான திட்டங்கள் அந்த ஓட்டையை அடைத்தே வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் தானாக வேலையை விட்டவருக்கோ தன் தவறால் நீக்கப்பட்டவருக்கோ 12 வாரம் வரை பணம் வராது.

திட்டம் உண்மையில் கெடுவது வேறு இடங்களில். பகுதிநேரமாகச் சம்பாதித்ததை அப்படியே உதவித்தொகையில் கழித்தால் யாரும் பகுதிநேர வேலைக்குப் போக மாட்டார்கள். ஒரு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும். முதல் தவணை தாமதமானால், அதற்குள் அந்த லேத்காரர் மூட்டை தூக்கப் போயிருப்பார். எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது, வாரத்துக்கு இத்தனை விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும் என்ற விதியைப் பார்த்துத்தான். எண்ணிக்கையை நிரப்பப் பொருந்தாத இடங்களுக்கெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள். ஆள் தேடும் நிறுவனம் அந்தக் குவியலைப் புரட்டியே களைத்துப்போகிறது. பொருத்தமானவரின் தாள் அதற்குள் எங்கோ அடியில் கிடக்கிறது.